பிழையும் வஞ்சமும்: ஒருதலைத் தீர்ப்புகளைக் குறித்து

சிவில் நீதிமன்றத்தில் பிரதிவாதியின் பெயரை முறைப்படி கூவி அழைத்து, பதில் வராத காரணத்தால் அவரை ‘எக்ஸ்பார்ட்டி’ என்று குறிப்பேட்டில் எழுதி, வாதியின் பிரமாணப் பத்திரத்தையும் அவர் தாக்கல் செய்த சான்றாவணங்களையும் மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு வழங்கப்படும் தீர்ப்பை, வேறெந்தத் தீர்ப்புக்கும் குறையாத வலிமையுடன் சட்டம் நிறைவேற்றித் தருகிறது. அதன் பேரில் வீட்டை ஜப்தி செய்யலாம். நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். விவாகத்தையும் ரத்து செய்யலாம். ஆனால் இரு கட்சியையும் கேட்டு ஆராய்ந்து எழுந்த தீர்ப்புக்கு உள்ள தார்மிகக் கௌரவம் இதற்கும் உண்டா என்று கேட்டால், உண்டு என்று தயங்காமல் சொல்லக்கூடியவர் நீதிபதிகளிலேயே அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். பலத்தில் சமமாகவும் கௌரவத்தில் குறைந்ததாகவும் உள்ள இந்தத் தீர்ப்பை எந்தச் சந்தர்ப்பத்தில், எந்தக் காரணத்தின் பேரில், எவ்வளவு காலம் கழிந்த பிறகு நீக்கலாம் என்பது, சம்மன் ஒன்று வாசலுக்கு வந்தால் யாரிடம் போய்க் காட்டுவது என்று தெரியாமல் திகைக்கும் லட்சக்கணக்கான குடும்பங்களைப் பற்றிய விஷயமாகும்.

இத்தகைய தீர்ப்பே கூடாது என்று எவரும் வாதிக்க முடியாது. பிரதிவாதி வராத வரையில் வழக்கு நகராது என்று ஒரு விதி இருக்குமானால், கடன் வாங்கியவன் வீட்டிலேயே இருந்துகொண்டு கடனைத் தீர்த்துவிடுவான். குடக்கூலி கொடாதவன் கதவைச் சாத்திக்கொண்டே ஆயுள்பரியந்தம் குடியிருப்பான். ஆகவே, அழைத்தும் வராதவனுக்காக நியாயஸ்தலம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது நேர்மையான கொள்கையே. ஆனால் அந்தக் கொள்கை முழுவதும் ‘அழைத்தும்’ என்ற நிபந்தனையின் மீது நிற்கிறது. அழைப்புப் போய்ச் சேராமலே போயிருக்கலாம். சேர்ந்தும், வர முடியாத நிர்ப்பந்தம் நேர்ந்திருக்கலாம். அழைப்புச் சேரவே கூடாது என்று எதிரி சூழ்ச்சி செய்திருக்கவும் கூடும். இம்மூன்றில் எது நடந்திருந்தாலும் தீர்ப்பின் அஸ்திவாரம் ஆடிப்போகிறது. முன்னிரண்டும் பிழையின் வகை. மூன்றாவது வஞ்சத்தின் வகை. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பதும், நமது நீதிமன்றங்கள் அவ்வாறு நிறுக்கும் சந்தர்ப்பங்களிலெல்லாம் அநீதி விளைகிறது என்பதும் இக்கட்டுரையின் பட்சம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 9ஆம் கட்டளையின் 6ஆம் விதியில், சம்மன் முறைப்படி சார்பு செய்யப்பட்டிருந்தும், அதாவது சேர்ப்பிக்கப்பட்டிருந்தும், பிரதிவாதி வராவிட்டால் வழக்கை ஒருதலையாக விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. தீர்ப்பு வருவதற்கு முன்னரே அவர் வந்து, முந்தைய வாய்தாவில் வராததற்குத் தக்க காரணம் கூறினால், முதலிலேயே வந்திருந்தவர்போல அவரை ஏற்கலாம் என்று 7ஆம் விதி சொல்கிறது. டிக்ரி ஆன பிறகு வருபவருக்கு 13ஆம் விதி இரண்டே வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, சம்மன் முறைப்படி சார்பு செய்யப்படவில்லை என்பது. மற்றொன்று, விசாரணைக்கு அழைக்கப்பட்ட அன்று வரவிடாமல் தம்மைப் ‘போதிய காரணம்’ தடுத்தது என்பது. இவற்றுள் ஒன்றை மெய்ப்பித்துவிட்டால், நீக்கலாம் என்றன்று, நீக்கியே தீரவேண்டும் என்றே சட்டம் கட்டளையிடுகிறது. செலவுத்தொகை கொடுக்கச் சொல்வதும், பணம் கட்டச் சொல்வதும், வேறு நிபந்தனை விதிப்பதும் நீதிபதியின் விவேகத்துக்கு உட்பட்டவை.

1976ஆம் ஆண்டின் திருத்தம் இந்த வாயிலைச் சற்றே குறுக்கியது. சம்மன் சார்பு செய்ததில் ஏதோ முறைகேடு நேர்ந்தது என்ற காரணத்தை மட்டும் கொண்டு டிக்ரியை நீக்கக்கூடாது என்றும், விசாரணைத் தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்திருந்தால் அந்த முறைகேடு அவருக்குத் துணை நிற்காது என்றும் அது விதித்தது. நியாயமான திருத்தமே. தபால்காரர் நீட்டிய உறையை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்னர் உறை என் கைக்கு வரவில்லை என்று சத்தியம் செய்பவனுக்கு நீதிமன்றம் இடம் கொடுக்க வேண்டியதில்லை. 2011ல் பரிமள் எதிர் வீணா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தத்தின் சொற்களுக்கு முழு மதிப்பளித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியதும், போதிய காரணம் என்பது கவனமுள்ள மனிதனுக்கு நேரக்கூடிய காரணமே தவிர அசிரத்தைக்குச் சூட்டும் அலங்காரப் பெயர் ஆகாது என்று காட்டியதும் இக்கருத்திலேதான்.

கவனிக்கத்தக்க மற்றோர் அம்சமும் உண்டு. தமக்கு வலுவான எதிர்வாதம் இருப்பதாகப் பிரதிவாதி முதலிலேயே காட்ட வேண்டும் என்று நமது 13ஆம் விதி கேட்பதில்லை. இங்கிலாந்தின் வழக்கம் வேறு. 1937ல் இவான்ஸ் எதிர் பார்ட்லம் என்ற, பந்தயப் பாக்கி சம்பந்தமான வழக்கில், தகுதியை ஆராய்ந்தோ கட்சிகளின் சம்மதத்தின் பேரிலோ அன்றி, நடைமுறை விதியைப் பின்பற்றாத ஒரே காரணத்தால் பிறந்த தீர்ப்பைத் திரும்பப் பெறும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு எப்போதும் உண்டு என்று அட்கின் பிரபு விளக்கினார். எனினும் எதிர்வாதத்தில் சாரம் உண்டென்று பிரமாணப் பத்திரம் காட்ட வேண்டும் என்ற வழக்கத்தையும் உடன்வைத்தார். நம் நாட்டில் பிராமிசரி நோட்டு முதலியவற்றின் பேரில் தொடுக்கப்படும் சுருக்க விசாரணை வழக்குகளில் மட்டும், 37ஆம் கட்டளையின்படி அத்தகைய சாரத்தைக் காட்டவேண்டும் என்று 2003ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற வழக்குகளில் கேட்கப்படும் உரிமையே பிரதானம். கேட்ட பிறகு ஜயிப்பாரா தோற்பாரா என்பது பின்னால் வரும் கேள்வி. 1988ல் பெரால்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிய காரணம் இதற்கு நல்ல விளக்கமாகும். சம்மன் கிடைத்திருந்தால் பிரதிவாதி எதிர்வாதமே செய்யாவிட்டாலும், கடனுக்கு உண்மையில் பொறுப்பானவரை வழக்கில் இழுத்திருக்கலாம், சமரசம் பேசியிருக்கலாம், கடனைக் கட்டியிருக்கலாம், அல்லது சொத்தைத் தாமே நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். அழைப்புக் கிடைக்காதவன் வாதத்தை மட்டும் இழப்பதில்லை. இந்த வழிகள் அனைத்தையும் ஒருசேர இழந்துவிடுகிறான்.

பிழை என்ற வகையில் பெரும்பான்மையானவை மனித சுபாவத்தின் சாதாரணப் பலவீனங்களே. வாய்தாத் தேதியைத் தவறாகக் குறித்துக்கொள்வது, நோயில் படுத்துக்கிடப்பது, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நம்பிச் சும்மா இருந்துவிடுவது ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே நம் ஊர்களில் அதிகம். அதன் சரித்திரத்தை 1998ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி என்ற வழக்கில் அணுக்கமாகக் காணலாம்.

சொத்துரிமை விளம்புகை கோரித் தொடுக்கப்பட்ட அந்த வழக்கில் 1991 அக்டோபர் 28ல் ஒருதலையாக டிக்ரி ஆயிற்று. அதை நீக்கக் கோரிப் பிரதிவாதி மனுச் செய்தார். அம்மனுவும், வக்கீல் வராததால், 1993 பிப்ரவரி 17ல் தள்ளுபடியாயிற்று. இந்தச் செய்தியை வக்கீல் கட்சிக்காரரிடம் சொல்லவேயில்லை. 1995 ஜூலையில் நிறைவேற்று மனுவின் சம்மன் வீட்டுக்கு வந்ததும் திடுக்கிட்டு வக்கீலிடம் ஓடியவரிடம், தடையாணை இல்லாததால் எதிர்க்கட்சி நிறைவேற்றுதலுக்குப் போயிருக்கலாம் என்று சாவதானமாகச் சொல்லி, வக்காலத்து உட்படச் சில காகிதங்களில் கையெழுத்தும், கட்டணமாக 2,000 ரூபாயும் பெற்றுக்கொண்டார் அந்த வக்கீல். அதன் பிறகும் நீதிமன்றத்தில் ஒரு துரும்பும் அசையவில்லை. ஆகஸ்டு மாதத்தில் வாரண்டு பிறந்த பிறகே சந்தேகம் கொண்டு கட்சிக்காரர் தாமே நீதிமன்றத்துக்குச் சென்று விசாரித்தார். தம் மனு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே மடிந்துவிட்டதும், வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் உத்தியோகத்துக்குப் போய்விட்டதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன. தாமதம் 883 நாட்கள். விசாரணை நீதிமன்றம் மன்னித்தது. உயர்நீதிமன்றம் மன்னிக்க மறுத்தது. இடையில் அவர் வடசென்னை மாவட்ட நுகர்வோர் மன்றத்தை அணுகி, அதே வக்கீலிடமிருந்து 50,000 ரூபாய் நஷ்டஈடு பெறும் உத்தரவும் வாங்கிவிட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே. டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு, தாமதத்தின் நீளத்தைக் காட்டிலும் அதற்குச் சொல்லப்படும் சமாதானத்தின் தரத்தையே பார்க்கவேண்டும் என்றும், சமாதானம் நம்பத்தகாததாக இருந்தால் மிகக் குறைந்த தாமதமும் மன்னிப்புக்கு உரியதாகாது, நம்பத்தக்கதாக இருந்தால் மிக நீண்ட தாமதமும் மன்னிக்கப்படலாம் என்றும் கூறியது. காலவரையறைச் சட்டம் உரிமைகளை அழிப்பதற்காக ஏற்பட்டதன்று, கட்சிகள் காலத்தை நீட்டி விளையாடாதிருக்கவே ஏற்பட்டது என்பது அதன் சாரம். இத்துடன் நிற்காமல், எதிர்க்கட்சிக்கு 10,000 ரூபாய் செலவுத்தொகை தரவேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. பிழைக்கு உரிய நீதி இதுவே என்று நான் கருதுகிறேன். பிழை செய்தவனுக்குக் கதவு திறக்கப்பட வேண்டும்; ஆனால் அவன் பிழையால் காத்திருக்க நேர்ந்த மற்றவனுக்கு ஈடும் கிடைக்க வேண்டும். 1981ல் ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வக்கீலின் குற்றத்துக்காகக் கட்சிக்காரரைத் தண்டிப்பது தகாது என்று சொல்லப்பட்ட தர்மமும், 2000ல் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், போதிய காரணம் உண்டா என்பதை அந்த ஒரு தேதியைப் பொறுத்தே பார்க்கவேண்டும், பழைய நடத்தையையெல்லாம் கிளறக்கூடாது என்று சொல்லப்பட்ட தர்மமும் இதனோடு இசைந்தவை.

தயை ஒரு பக்கம் இருக்கட்டும். பிழை என்னும் பெயரில் நடைபெறும் உபாயங்களையும் மறைக்கக்கூடாது. எக்ஸ்பார்ட்டி ஆகவிடுவது, பின்பு நீக்க மனுப்போடுவது, அதையும் தள்ளுபடியாகவிட்டு அதை மீட்க இன்னொரு மனுப்போடுவது என்று ஏணிப்படிபோல மனுக்களை அடுக்கிக்கொண்டே பத்தாண்டு காலம் வாடகையின்றிக் குடியிருந்தவர்களைச் சிறு ஊர் முன்சீப் கோர்ட்டு வக்கீல்கள் அனைவரும் அறிவர். இவர்களுக்கு எதிரான மருந்து கதவை மூடிவிடுவதன்று. டிக்ரித் தொகையிலோ வாடகை பாக்கியிலோ தக்க பகுதியைக் கட்டிவிட்டு உள்ளே வா என்று சொல்வதே. அந்த அதிகாரத்தை 13ஆம் விதி ஏற்கெனவே கொடுத்திருக்க, ஏதோ ஒரு சொற்பத் தொகையைச் செலவென்று விதித்துவிட்டு மனுவை முடிக்கும் பழக்கம்தான் அந்த விதியைப் பலமிழக்கச் செய்கிறது.

இனி வஞ்சத்துக்கு வருவோம். வஞ்சத்தால் பெற்ற தீர்ப்பு நீதிமன்றத்தையே கருவியாக்கிக்கொண்டு செய்த திருட்டு. இதில் ஏமாற்றப்பட்டவர் பிரதிவாதி ஒருவர் அல்லர், நீதிபதியுந்தான். இந்த உண்மையை ஆங்கில நாட்டுச் சட்டம் உணர்ந்து உரைத்த சந்தர்ப்பம் ஒரு விநோதமான குற்ற விசாரணை. எலிசபெத் சட்லே என்ற சீமாட்டி 1744ல் ஹெர்வி என்பவரை ரகசியமாக மணந்தாள். பல்லாண்டு கழித்து, தனக்கு விவாகமே ஆகவில்லை என்று மதத் துறை நீதிமன்றத்தில் 1769ல் ஒரு தீர்ப்பைப் பெற்று, அதன் பலத்தில் கிங்ஸ்டன் கோமகனை மணந்தாள். கோமகன் இறந்த பின் அவருடைய உறவினர் தூண்டுதலால், 1776ல் பிரபுக்கள் சபையின் முன்னிலையில் இருதார மணக் குற்றத்துக்காக அவள் விசாரிக்கப்பட்டாள். முந்தைய தீர்ப்பைக் கேடயமாக நீட்டியபோது, வஞ்சம் என்பது நீதிமன்ற நடவடிக்கைகளுக்குப் புறம்பேயிருந்து வந்து அவற்றில் மிகப் பவித்திரமானவற்றையும் கெடுத்துவிடும் செயல் என்று தலைமை நீதிபதி டி கிரே விடையளித்தார். அவள் குற்றவாளி என்றே சபை தீர்மானித்தது. அன்று முதல் இன்று வரை, தீர்ப்பின் இறுதித்தன்மை என்ற கேடயம் வஞ்சத்தின் கைக்கு உதவாது என்பது அந்த மரபிலே வந்த நாடுகளின் சட்டமாக இருக்கிறது.

நம் நாட்டில் இதை மிகக் கூர்மையாகச் சொன்னது சென்னை மாகாணத்திலிருந்து எழுந்த ஒரு வழக்குதான். செங்கல்வராய நாயுடு எதிர் ஜகந்நாத் என்ற அவ்வழக்கில், சவுக்கார் ஒருவரின் குமாஸ்தா, நீதிமன்ற ஏலத்தில் முதலாளிக்காகத் தம் பெயரில் எடுத்த சொத்தை, 1945 நவம்பரில் விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து முதலாளிக்கே விட்டுக்கொடுத்திருந்தார். அப்பத்திரத்தை வாய்திறந்து சொல்லாமல், அச்சொத்தில் தமக்குப் பங்குண்டென்று பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து, பூர்வாங்க டிக்ரியும் பெற்றுவிட்டார். உண்மையான வழக்கோடு வந்து உண்மையான சாட்சியத்தால் அதை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை வாதிக்கு இல்லை என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1993 அக்டோபர் 27ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அந்தக் கருத்தை அடியோடு நிராகரித்து, வழக்குகள் முடிவுபெற வேண்டும் என்ற கொள்கையை, நேர்மையற்றவர்களின் கையில் மோசடி இயந்திரமாக மாறும் அளவுக்கு நீட்டக்கூடாது என்றும், அசுத்தமான கையோடு வருபவனை வழக்கின் எந்தக் கட்டத்திலும் வெளியே தள்ளலாம் என்றும் தீர்ப்பளித்தார். 2007ல் பாப்பய்ய சாஸ்திரி வழக்கில் அந்தக் கொள்கை மேலும் ஒரு படி உயர்ந்து, உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைபெற்றதாகக் கருதப்பட்ட உத்தரவையும் வஞ்சம் வெளிப்பட்டால் திரும்பப் பெறலாம் என்றாயிற்று.

ஆயினும் இங்கே ஒரு தடை இருக்கிறது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எதிர்க்கட்சி பொய்ச்சாட்சி சொன்னான் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒரு தீர்ப்பை நீக்கப் புது வழக்குத் தொடரமுடியாது என்று 1918ல் கதிர்வேலு நயினார் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்மானித்தது. அதன் நியாயம் தெளிவானது. தோற்றவன் ஒவ்வொருவனும் ஜயித்தவனின் சாட்சி பொய் என்றே சொல்வான். அந்தச் சொல்லுக்காக வழக்கைத் திரும்பத் திரும்பத் திறப்பதானால் எந்த வழக்கும் எந்தக் காலத்திலும் முடியாது. பொய்ச்சாட்சியை எதிர்கொள்ள வேண்டிய இடம் குறுக்கு விசாரணை. அந்த இடத்தில் வாய்ப்பிருந்தும் வெளிப்படாத பொய்யைப் பிறகு தேடிக்கொண்டு போக முடியாது. ஆகவே பொய்ச்சாட்சி வேறு, நீதிமன்றத்தை ஏமாற்றி எதிரியை வரவிடாமல் செய்த வஞ்சம் வேறு என்று சட்டம் பிரித்துவைத்தது.

இந்தப் பாகுபாடு இருதரப்பும் நின்று வாதாடிய தீர்ப்புக்கு மிகப் பொருந்தும். ஆனால் ஒருதலைத் தீர்ப்புக்கு அதை அப்படியே பொருத்துவது, காரணம் மறைந்த பிறகும் விதியைப் பிடித்துக்கொண்டிருப்பதாகும். குறுக்கு விசாரணையில் வாய்ப்பிருந்தது என்பதே 1918ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உயிர். பொய் விலாசம் கொடுத்தோ, ஊழியரைக் கைக்குள் போட்டுக்கொண்டோ பிரதிவாதியை நீதிமன்ற வாசலுக்கே வரவிடாமல் செய்துவிட்டு, உள்ளே போய்ப் பொய்ச்சாட்சியும் சொன்னவன் விஷயத்தில் அந்த வாய்ப்பு எங்கே இருந்தது? அங்கே புறவஞ்சமும் உட்பொய்யும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்றை மன்னித்து மற்றொன்றை மட்டும் விசாரிப்பது இயலாத காரியம். எனவே சம்மன் விஷயத்தில் மோசடி நிரூபணமாகிவிட்டால், சாட்சியத்தின் பொய்ம்மையையும் சேர்த்து ஆராய நீதிமன்றம் தயங்கக்கூடாது.

காலவரையறையிலும் இந்த வேற்றுமை பிரதிபலிக்க வேண்டும். டிக்ரியை நீக்கக் கோரும் மனுவுக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 123ஆவது இனம் 30 நாள் தவணை தருகிறது. சம்மன் முறைப்படி சார்பாகாத பட்சத்தில், டிக்ரி தமக்குத் தெரிந்த நாளிலிருந்து அதை எண்ண வேண்டும். பத்திரிகை விளம்பரம், கதவில் ஒட்டுதல் முதலான மாற்று முறைச் சார்பு இவ்வினத்தின் பொருட்டு முறையான சார்பாகக் கருதப்படாது என்று அதற்கு விளக்கமும் இருக்கிறது. 17ஆவது பிரிவோ, வஞ்சத்தையோ பிழையையோ கண்டுபிடிக்கும் வரையில், அல்லது நியாயமான சிரத்தையுடன் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாள் வரையில், காலம் ஓடத்தொடங்காது என்கிறது. வஞ்சத்தை எதிர்த்துத் தனி வழக்குத் தொடுப்பவருக்கு உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. தனி வழக்கே தொடுக்காதவருங்கூட, அந்தத் தீர்ப்பைத் தம்மேல் எதிரி பிரயோகிக்கும்போது, அது வஞ்சத்தால் பெற்றது என்று காட்ட 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 44ஆவது பிரிவு இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 38ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இவ்வளவு வழிகளிருந்தும், வஞ்சத்தால் பாதிக்கப்பட்டவரைத் தாமத மன்னிப்பு மனுப்போடு, ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல் என்று, வாய்தா மறந்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதம். அதே சமயம், வஞ்சம் என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது. யார், எப்போது, எப்படிச் செய்தார் என்ற விவரங்களைப் பிராதிலேயே எழுதவேண்டும் என்று 6ஆம் கட்டளையின் 4ஆம் விதி கேட்பதை நீதிமன்றங்கள் கண்டிப்பாகக் கேட்கவேண்டும்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டிக்ரியை நீக்கினாலும் சொத்துத் திரும்பாமற்போகலாம் என்பதனால்தான். 1967ல் முடிந்த ஜனக் ராஜ் வழக்கில், 519 ரூபாய்க்கான ஒருதலை டிக்ரிக்காக ஒரு வீடு ஏலத்தில் போய்விட்டது. ஏலம் உறுதியாவதற்கு முன்பே டிக்ரி நீக்கப்பட்டுவிட்டது. எனினும் ஏலம் எடுத்தவர் வழக்குக்கு அந்நியர் என்பதால் விற்பனையை உறுதி செய்தே ஆகவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். டிக்ரி போய்விட்டது, வீடும் போய்விட்டது. நீதிமன்ற ஏலத்தை நம்பி ஒருவரும் விலை கேட்காமல் போய்விடக் கூடாதே என்ற கவலையில் பிறந்த விதி அது. தவறென்று சொல்ல முடியாது. ஏலம் எடுத்தவர் மேல்முறையீடு நிலுவையிலிருப்பதை அறிந்தே எடுத்திருந்தால் அவரை நன்னம்பிக்கையாளராகக் கருத முடியாது, சொத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று தமிழகத்திலிருந்து சென்ற சின்னம்மாள் எதிர் ஆறுமுகம் வழக்கில் 1990ல் தீர்ப்பானது ஒரு சிறு ஆறுதல். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு, கோவலனை அழைத்து விசாரியாமல் பாண்டியன் இட்ட கட்டளையை, உண்மை தெரிந்த கணமே அவனே பிழையென்று ஒப்புக்கொண்டும் பயனில்லாமற்போனது, நிறைவேற்றம் தீர்ப்பை முந்திக்கொண்டதால்தான். அக்கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு, நிறைவேற்றத்தை நிறுத்திவைத்துக் கேட்கவேண்டிய அவசியத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே நோய் முற்றிய பின் செய்யும் சிகிச்சையைக் காட்டிலும், நோய் பிறக்கும் இடத்தில் கவனம் செலுத்துவதே மேலானது. அந்த இடம் பிரதிவாதியின் வீட்டு வாசல். சம்மனை எடுத்துச்செல்லும் ஊழியர், ஆளைக் காணோம் என்றோ வாங்க மறுத்தார் என்றோ கதவில் ஒட்டிவிட்டு வந்தால், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், எவர் முன்னிலையில் ஒட்டினார் என்பதை அறிக்கையில் எழுதவேண்டும் என்று 5ஆம் கட்டளையின் 17ஆம் விதி கூறுகிறது. அந்த அறிக்கைக்குப் பிரமாணம் இல்லாவிட்டால், ஊழியரை நீதிமன்றம் பிரமாணத்தின் பேரில் விசாரித்து, சம்மன் முறைப்படி சார்பாயிற்று என்று அறிவிக்க வேண்டும், அல்லது வேறு விதத்தில் சார்பு செய்ய உத்தரவிட வேண்டும் என்று 19ஆம் விதி கட்டளையிடுகிறது. பல வருஷங்களாகப் பூட்டிக்கிடக்கும் பூர்விக வீட்டின் கதவில், மகன்கள் பம்பாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு வந்ததை முறைப்படி சார்பாயிற்று என்று எழுதும் முன்னால், நீதிபதி இரண்டே இரண்டு கேள்விகளைக் கேட்பாரானால் பிற்காலத்தில் இருபது மனுக்கள் பிறவாமற் போகும். அதிலும் அசையாச் சொத்தைப் பற்றிய வழக்குகளில், எக்ஸ்பார்ட்டி என்று எழுதுவதற்கு முன் மற்றொரு நோட்டீசைப் பதிவுத் தபாலிலும், கிடைக்குமானால் கைபேசி எண்ணுக்கும் அனுப்புவதைக் கட்டாயமாக்குவதில் என்ன சிரமம் இருக்கிறது?

இரண்டாவதாக, எதிரி வரவில்லை என்பதனால் வாதியின் பிராதை ஆராயாமல் டிக்ரி தருவது தகாது. பதிலுரை தாக்கலாகாத ஒரே காரணத்துக்காக இயந்திரம்போலத் தீர்ப்பளிக்கக் கூடாது என்று 1999ல் பல்ராஜ் தனேஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. வழக்கு நிரூபணமாயிற்று, செலவுத்தொகையுடன் டிக்ரி என்று ஒரே வரியில் எழுதப்படுவது தீர்ப்பு என்ற பெயருக்கே தகாதது. எதிர்ப்பில்லாத இடத்தில்தான் நீதிபதி அதிகமாகக் கேட்கவேண்டும். ஏனெனில் அங்கே கேள்வி கேட்கக்கூடியவர் அவர் ஒருவரே. மூன்றாவதாக, நீக்கல் மனு தாக்கலான நாளிலிருந்து, தக்க நிபந்தனையின் பேரில் ஏலத்தை நிறுத்தி, சில மாதத் தவணைக்குள் மனுவை முடிக்க உயர்நீதிமன்றம் சுற்றறிக்கை மூலம் கால எல்லை விதிக்கலாம். டிக்ரியை நீக்கும் மனுவே வழக்கைவிட நீண்டுபோனால், நீக்கலும் ஒரு தண்டனையாகிவிடும்.

நான்காவதாக, வஞ்சம் மெய்ப்பட்ட வழக்கு செலவுத்தொகையோடு முடிந்துவிடக்கூடாது. வரவேண்டிய பாக்கியே இல்லாத தொகைக்கு மோசடியாக டிக்ரி பெறுவதை இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 210ஆவது பிரிவிலே குற்றமாக வகுத்து, இரண்டாண்டு வரை சிறை விதித்தது. அதனிடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அக்குற்றத்தை விட்டுவிடவில்லை. ஆனால் இதற்கு நீதிமன்றமே எழுத்துமூலம் முறையீடு செய்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேரே போலீசுக்குப் போய்ப் பயனில்லை. தம்மை ஏமாற்றியவனைப் பற்றி முறையிட நீதிமன்றங்கள் காட்டும் தயக்கமே, அத்தகையவர்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை.

இவ்விதமெல்லாம் செய்தால் தீர்ப்புகளின் ஸ்திரத்தன்மை என்னாவது என்று ஆட்சேபம் எழக்கூடும். ஸ்திரத்தன்மை மதிக்கத்தக்கதே, இருதரப்பும் நின்று வாதாடித் தோற்றவன், பத்தாண்டு கழித்து வேறொரு பெயரில் அதே வழக்கைக் கொண்டுவருவதை எந்த நாடும் பொறுக்கலாகாது. ஆனால் அந்த மதிப்பு, கேட்கப்பட வேண்டியவர் கேட்கப்பட்டார் என்பதற்குச் சமூகம் கொடுக்கும் விலை. கேட்கப்படாதவர் மேல் அந்த விலையைச் சுமத்த எந்தத் தர்மமும் இடம் தராது. பிழை செய்தவர் பணம் கட்டித் திரும்பி வரட்டும். வஞ்சம் செய்தவர் எத்தனை ஆண்டு கழிந்தாலும் தாம் பெற்றதைத் திருப்பித் தரட்டும். இவ்விரு விதிகளையும் கலக்காமல் பிரயோகிக்கும் நீதிமன்றத்தின் ஒருதலைத் தீர்ப்புகள் எண்ணிக்கையில் குறையும். எஞ்சி நிற்பவற்றுக்கு, இரு கட்சியையும் கேட்டு எழுந்த தீர்ப்புக்கு உள்ள கௌரவமும் கிடைக்கும்.